குடி பார்க்காத இரத்தம்

என் மகனுக்கு,

உன் சுகத்தை விசாரித்துத் தொடங்குவதுதான் முறை. இம்முறை அப்படித் தொடங்க என்னால் முடியவில்லை. உன் சுகமே இந்தக் கடிதத்தின் விடயமாகிவிட்டது. ஆகவே முதலில் சொல்ல வேண்டியதை முதலில் சொல்கிறேன். வதனியிடம் சொல்லும்படி நீ கேட்ட பொய்யை நான் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை.

தொலைபேசியில் நான் “ஓம், ஓம்” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்ததை நீ சம்மதம் என்று எடுத்திருக்கலாம். சந்திக் கடைத் தொலைபேசிக்கு மறைப்புக் கிடையாது என்பது உனக்குத் தெரியும். எனக்குப் பின்னால் வரிசையாக ஆட்கள். “ரீச்சர், கெதியா முடிங்க, என்ட மகன் டோகாவில இருந்து எடுக்கிற நேரம்” என்று ஒருத்தி என் தோளுக்கு மேலால் சொல்லிக்கொண்டே நின்றாள். அந்த இடத்தில் வைத்து என் மகனின் இரத்தத்தைப் பற்றியோ கல்யாணத்தைப் பற்றியோ பேச நான் வளர்க்கப்படவில்லை. கன்னியாஸ்திரிகளின் விடுதியில் இருந்து படித்தவள் நான். பேசத் தகாத இடத்தில் வாயை மூடிக்கொள்ளத்தான் அங்கே முதலில் பழக்கினார்கள். கடிதம் மெதுவாகத்தான் வரும். ஆனால் வாக்கியத்தின் நடுவில் அறுந்துபோகாது.

நீ சொன்னதை நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பார். ஒஸ்லோவில் உன் ஆய்வுகூடத்தில் நோயாளிகளின் இரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் இரத்தமும் தேவைப்பட்டது. நீ உன் கையை நீட்டினாய், நோயில்லாதவன் என்ற நம்பிக்கையில். உன் இரத்தத்திலோ கொலஸ்ரோலைத் திருப்பிச் சுமந்து வரும் புரதம் குறைவாக இருந்தது. சீனிக் கரைசலைக் குடிக்கவைத்துப் பார்த்தபோது, இறங்க வேண்டிய நேரத்தில் உன் சீனி இறங்கவில்லை. உடனே நீ ஒரு தீர்ப்பு எழுதிவிட்டாய்: அப்பாவின் வருத்தம் உனக்கும் வந்துவிட்டது, உன்னைக் கட்டினால், உனக்கென்று பேசி வைத்த வதனியும் என்னைப் போல நடுவயதில் தனித்துப் போவாள், ஆகவே அவளை விடுவிக்க வேண்டும். “இங்க ஒருத்தியை விரும்புறன் எண்டு சொல்லிப்போடுங்கம்மா. கோவத்தில வேற இடத்தில கட்டிக்கொள்ளுவாள்” என்றாய். இரக்கத்தால் சொன்னாய் என்பது எனக்குத் தெரியும். அந்த இரக்கத்துக்காக உன்னைத் தூரத்திலிருந்தே அணைத்துக்கொள்கிறேன். பொய்யை மட்டும் திருப்பி அனுப்புகிறேன்.

உன் அப்பா போன நாளைப் பற்றி நாம் இருவரும் இதுவரை பேசியதில்லை. வயிறு என்று ஒன்று இல்லாத மனிதர் அவர். நில அளவையாளருக்கு எப்படி வயிறு வைக்கும்? வட்டை வட்டையாக வயல் நிலமெல்லாம் சங்கிலி இழுத்து நடந்த கால் அது. ஊரடங்கு போட்டிருந்த ஒரு மத்தியானம், பாதிச் சோற்றை வைத்துவிட்டு இடது தோளைத் தடவிக்கொண்டு சுவரில் சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் இல்லை. இருந்திருந்தாலும் வீதி இல்லை. நீ அப்போது பள்ளிக்கூடக் காற்சட்டையோடு என் பக்கத்தில் நின்றாய். செத்தவீட்டுக்கு வந்தவர்கள் படலைக்குள் கால் வைத்ததும் கேட்டது ஒரே கேள்வி: “ஆரு சுட்ட?” ஒருவரும் சுடவில்லை, நெஞ்சுவலி என்று நான் ஒவ்வொருவருக்கும் சொன்னேன். சிலர் நம்பவில்லை. ஒரு முதியவர் பெருமூச்சு விட்டு, “குடுத்து வச்ச மனுசன்” என்றார். பழித்துச் சொன்னதல்ல, மனதாரச் சொன்னார். அந்த ஆண்டுகளில் வருத்தம் வந்து சாவது ஒரு பாக்கியமாக இருந்தது. அதனாலேயே அந்த வருத்தத்தை ஒருவரும் விசாரிக்கவில்லை. கடைசி வருடத்தில் அவர் ஏன் அவ்வளவு தண்ணீர் குடித்தார், ஏன் அவ்வளவு களைத்தார் என்று கேட்க எங்களுக்கு நேரம் இருக்கவில்லை. சூடு பட்டு வந்தவர்களின் நடுவில், தண்ணீர் விடாய்க்கும் மனிதனை எந்த வைத்தியர் உட்காரவைத்துப் பார்த்திருப்பார்?

விசாரித்தவர் ஒருவர் மட்டும் இருந்தார். அப்பாவின் அக்காள், உன் மாமி. எட்டுச் சடங்கு முடிந்து, படைத்த பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது என் பக்கத்தில் வந்து குந்தினார். “மச்சாள், எங்கட அம்மாவும் இப்பிடித் தண்ணி தண்ணியெண்டு குடிச்சி, நெஞ்சைப் புடிச்சிக்கிட்டுத்தான் போன. அம்மாட தம்பியும் அப்பிடித்தான். இது எங்கட குடி வருத்தம்கா. உங்கட மகன் உங்கட குடி. அவனுக்கு வராது, நீங்க பயப்படாதங்க” என்றார். குடி என்றால் என்னவென்று அங்கே உன் நண்பர்களுக்கு விளக்கப் பாடுபட்டதாக ஒருமுறை எழுதியிருந்தாய். எங்கள் பக்கத்தில் தாய்வழியாக வரும் வம்சம். வீடும் வளவும் பெண்வழி, கோயிலில் நிற்கும் இடமும் தாயின் குடியைப் பார்த்து. எல்லாம் அந்த வழியால் வரும்போது வருத்தமும் அந்த வழியால்தான் வரும் என்று அவர் நினைத்ததில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. நான் ஆரோக்கியமும் உயிரியலும் படித்தவள். தகப்பனிடமிருந்தும் பிள்ளைக்கு வரும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்று எட்டுச் சடங்கு வீட்டில், என் பிள்ளைக்கு ஒன்றும் வராது என்று ஒருவர் உறுதியாகச் சொல்லும்போது மறுத்து வாதாடும் மனம் எந்தத் தாய்க்கு வரும்? கேட்டுக்கொண்டிருந்தேன். இதமாக இருந்தது.

அதன் பிறகு மாமி வீட்டில் நடந்தது உனக்கு மறந்திருக்காது. விடுமுறைக்கு நாம் வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போவோம். எருமைத் தயிர்ச் சட்டியை உனக்கு முன்னால் வைத்து, இனிக்கும் பாணியைச் சட்டி நிறையும் மட்டும் ஊற்றுவார். தன் சொந்த மகள் வதனிக்குப் பாகற்காய்ச் சாறு. “உனக்கில்லடி, நீ நம்மட குடி” என்பார். அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிட்டு, எதிரே உட்கார்ந்து உன் கை போய் வருவதையே பார்த்துக்கொண்டிருப்பாள். “தின்னு, தின்னு. உனக்கு உங்கம்மாட குடி காவல்” என்று பல்லைக் கடிப்பாள். நீ கரண்டியை நக்கிக் காட்டுவாய். சகோதரனைப் பறிகொடுத்தவர் தன் பிள்ளையைப் பத்தியத்தில் வைத்தார். அவன் விட்டுப்போன பிள்ளைக்கு ஆசை தீரக் கொடுத்தார். இரண்டும் ஒரே அன்புதான். கணக்கு மட்டும் மாறிப் போயிற்று.

இப்போது உன் படிப்புக்கு வருகிறேன். கொழுப்புக்கும் சீனிக்கும் என்ன தொடர்பு, இரண்டும் வேறு வேறு வருத்தங்களல்லவா என்று நான் முன்னொரு கடிதத்தில் கேட்டிருந்தேன். நீ பொறுமையாகப் பதில் எழுதினாய். கொலஸ்ரோல் தண்ணீரில் கரையாது, இரத்தத்தில் தானாகப் போகமாட்டாது, அதைச் சுமக்கப் புரதங்கள் உண்டு. ஒரு வகை ஈரலிலிருந்து ஏற்றிக்கொண்டு உடம்பெங்கும் போகிறது. இன்னொரு வகை உடம்பில் தேங்கியதை ஈரலுக்குத் திருப்பிக் கொண்டுவருகிறது. இந்தத் திரும்பும் வகைக்கு இன்னொரு வேலையும் இருப்பதாகத் தெரிகிறது என்றாய். தசைகள் இரத்தத்திலுள்ள சீனியை உள்ளே எடுக்க அது உதவுகிறது. இன்சுலினைச் சுரக்கும் சதையியின் கலங்களில் கொலஸ்ரோல் தேங்கினால் அவை சோர்ந்துவிடும், அதை அள்ளிக்கொண்டு போவதும் இதுவே. ஊரில் இதைத்தான் ‘நல்ல கொழுப்பு’ என்கிறார்கள். பிழை. நல்லது கொழுப்பல்ல, அதைச் சுமக்கும் ஆள். யாராவது என் முன்னால் அப்படிச் சொன்னால் இப்போது நான் திருத்திவிடுகிறேன், சலித்துக்கொள்கிறார்கள்.

எனக்கு இது விளங்கியது உன் படங்களாலல்ல, வாவிப் பாதையால்தான். இரும்புத் தட்டில் ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு கரைக்குக் கரை போய்வரும் அந்தப் படகை நம் சனம் பாதை என்றே சொல்வார்கள். அது ஆட்களைக் கடத்தத்தான் இருக்கிறது என்று நாமெல்லாரும் நினைத்திருந்தோம். இம்முறை சண்டை தொடங்கி அது நின்றபோதுதான் மற்றது தெரிந்தது. அக்கரையில் தயிர் சட்டியோடு புளித்தது. இக்கரையில் நெல் வராமல் மில் நின்றது. ஆசிரியர்கள் கடக்க முடியாமல் அங்கே பள்ளிக்கூடம் பூட்டியது. தயிருக்கும் மில்லுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் என்ன தொடர்பு என்று முதல் நாள் கேட்டிருந்தால் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருப்பேன். ஒரு தட்டுப் படகு நின்றது, அவ்வளவுதான். உடம்பும் அப்படித்தான் போலும்: கொழுப்பைத் திருப்பிச் சுமப்பவன் குறைந்தால் சீனியும் கரையில் தேங்கி நிற்கிறது.

ஆனால் மகனே, அதே கடிதத்தின் கடைசியில் நீ இன்னொன்றும் எழுதியிருந்தாய். திருப்பிச் சுமக்கும் புரதம் குறைந்தவர்களிடம் சீனி கூடியிருப்பதைக் காண்கிறோம், இரண்டும் சேர்ந்து வருகின்றன, எது எதைக் கூட்டிக்கொண்டு வருகிறது என்று இன்னும் முழுதாகத் தெரியாது, அவசரப்பட்டு முடிவு சொல்லக் கூடாது என்று. எனக்கு அந்த வரி மிகவும் பிடித்தது. என் மகன் ஒழுங்காகப் படித்திருக்கிறான் என்று பெருமைப்பட்டேன். ஊரார் இரத்தத்தில் அவசரப்படாதவன் தன் இரத்தத்தில் மட்டும் ஏன் அவசரப்படுகிறாய்? சீனி இறங்கத் தாமதிப்பது ஓர் எச்சரிக்கை என்று நீயே சொல்கிறாய். எச்சரிக்கை என்பது மரணச் சான்றிதழ் அல்ல.

நான் செய்ததைக் கேள். மாமியும் வதனியும், சண்டைக்குப் பயந்து சட்டி பானையோடு வாவியைக் கடந்து வந்த நாள் முதல், களுதாவளையில் நம் வீட்டில்தான் இருக்கிறார்கள். இருவரையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். உன் இரத்தத்தை, உன் பயத்தை, நீ சொல்லச் சொன்ன பொய்யையும். மாமிக்கு முதலில் ஏறவேயில்லை. “அவனுக்கு எப்பிடிகா வரும்? அவன் உங்கட குடியெல்லவா? கோயில்ல எங்கட குடிக்குள்ள பங்கில்லாதவன் வருத்தத்தில மட்டும் எப்பிடிப் பங்கு எடுத்த?” என்று என்னோடு சண்டைக்கு வந்தார். யாரோ தன் முதுசத்தைக் களவெடுத்துவிட்டதைப் போல இருந்தது அவர் முகம். வதனி சிரித்துவிட்டாள். “அம்மா, மாமாட மூக்கு மச்சானுக்கு வந்திருக்கு. அது குடியைக் கேட்டா வந்த?” என்றாள்.  மாமி, “நான் எவ்வளவு பாணிகா ஊத்தின” என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். பிள்ளை வயதில் தின்ற பாணி இதைக் கொண்டுவராது, இது பிறப்போடு வந்தது என்று நான் சொல்லச் சொல்ல, அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு வதனி என்னிடம் திரும்பினாள். “அந்த வெள்ளைக்காரிக்கு மச்சான் என்ன பேர் வச்சிருக்காராம் மாமி? வடிவான பேரா இருந்திருந்தா நம்பியிருப்பன்.” அதையும் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். சிரித்தபடியே எழும்பிக் கிணற்றடிக்குப் போனாள். எல்லாக் குடங்களும் நிறைந்துதான் இருந்தன. ஆனாலும் வாளி போய் வரும் சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் போகவில்லை. அழுகிறவளை அழவிடுவதும் ஒரு மரியாதை. திரும்பி வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தாள். “எனக்கும் சோதிக்கலாமா மாமி?” என்றாள்.

வெறும் வயிற்றோடு இரத்தம் கொடுக்க வேண்டும். நகரத்துக்கு பஸ்ஸில் போவதென்றால் இப்போது எத்தனை இடத்தில் இறங்கி நடந்து அடையாள அட்டையைக் காட்ட வேண்டும் என்று யாருக்கும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. விடியவே புறப்பட்டோம். மாமியும் சால்வையைப் போர்த்துக்கொண்டு வந்து ஏறினார். ஒரு சோதனைச் சாவடியில் வரிசை நகரவில்லை, வெயில் ஏறிவிட்டது. பெண்களைச் சோதிக்கும் கொட்டிலுக்குள் அவர்கள் இருவரும் முதலில் போனார்கள். சால்வைக்குள் மாமி ஒரு பிளாஸ்க் வைத்திருந்தது எனக்குத் தெரியாது. சோதித்த பெண் சிப்பாய் அதைத் திறந்து மணந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாளாம். திறந்ததுதான் திறந்தாயிற்று என்று மாமி அந்த இடத்திலேயே ஊற்றி மகளுக்குக் கொடுத்துவிட்டார். சீனி போட்ட தேத்தண்ணி! பசியில் முகம் வாடிய பெண்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை. இவ்வளவு வருடமாகச் சீனி கொடுக்காமல் காத்தவர், கொடுக்கவே கூடாத அந்த ஒரு காலையில் கொடுத்தார்.

எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. பரிசோதனைக்கூடத்தில் ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தத் தம்பி, “ஒண்டும் சாப்பிடல்லதானே?” என்று வழக்கமாகக் கேட்டார். வதனி தாயைப் பார்த்தாள். தாய் கண்ணைக் காட்டினார். “தேத்தண்ணி குடிச்சன். சீனியோட” என்றாள் வதனி. அவர் ஊசியைக் கீழே வைத்தார். “ஒரு வாய் தேத்தண்ணிக்கு இவ்வளவு கதையா தம்பி?” என்று மாமி வாதாடிப் பார்த்தார். அவர் அசையவில்லை. திரும்பும் பஸ்ஸில் நான் முகத்தை யன்னல் பக்கம் வைத்துக்கொண்டு வந்தேன். “உங்கட கொன்வென்ரில பிள்ளையளைப் பட்டினி போட்டா படிப்பிச்ச?” என்று மாமி முணுமுணுத்தார். வதனி என் பக்கம் குனிந்து, “கோவிக்காதங்க மாமி. பொய் ரெத்தத்தைக் குடுத்து மச்சானுக்கு என்னத்தைச் சொல்லுற?” என்றாள். என் கோபம் அந்த இடத்தில் போய்விட்டது. மகனே, அவள் ஒரு கோப்பைத் தேத்தண்ணியை மறைக்கவில்லை. நீயோ, உலகத்திலேயே இல்லாத ஒரு பெண்ணை உண்டாக்கச் சொல்கிறாய்.

நீ சொன்ன இன்னொன்றுக்கும் பதில் எழுத வேண்டும். “அவளை உங்களைப் போல ஆக்கமாட்டன்” என்றாய். என் வாழ்க்கையை நீ ஓர் அபாயப் பலகையாக நட்டு வைத்திருக்கிறாய். என்னிடம் கேட்டு நட்டாயா? நான் தனியாக உன்னைப் படிப்பித்தேன், தனியாக இந்த வீட்டுக்குக் கூரை மாற்றினேன், ஷெல் சத்தத்துக்கு நடுவில் பள்ளிக்கூடம் போய் வந்தேன். கஷ்டம்தான். ஆனால் உன் அப்பாவோடு இருந்த காலத்தை யாராவது முன்கூட்டியே சங்கிலி போட்டு அளந்து, இவ்வளவுதான் உனக்கு என்று காட்டியிருந்தாலும், நான் அந்த மணவறையில் ஏறித்தான் இருப்பேன். அதை முடிவெடுக்கும் உரிமை எனக்குரியது. வதனியின் உரிமை வதனிக்குரியது. அவள் நன்மைக்காக என்று சொல்லி அதை அவளிடமிருந்து எடுக்காதே. நோயை மறைத்துக் கட்டுவது ஒரு வகை ஏமாற்று. நோயை மறைத்துக் கைவிடுவது இன்னொரு வகை.

உன் அப்பாவுக்குக் கிடைக்காத ஒன்று உனக்குக் கிடைத்திருக்கிறது. அவர் சாகும்போதும் அறியாததை நீ இளமையிலேயே அறிந்துவிட்டாய். வைத்தியரிடம் போ. உன் ஆய்வுகூட நண்பனிடமல்ல, வைத்தியரிடம். தினமும் நட, நடக்கிற தசை சீனியைத் தானே இழுத்துக்கொள்ளும் என்று எனக்குச் சொன்னவன் நீ. பாண் துண்டையும் ஜாமையும் வைத்து மூன்று வேளையைக் கழிக்காதே. உங்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளைப் பற்றி நீ பயப்படுவதும் நியாயம். மச்சானும் மச்சாளும் ஒரே கிளையில் வந்தவர்கள்தான். அதையும் அறிந்த ஒருவரிடம் இருவரும் சேர்ந்து கேளுங்கள். கேட்ட பிறகும் வேண்டாம் என்று இருவரும் சொன்னால் நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். ஆனால் அந்தப் பேச்சில் அவள் இருக்க வேண்டும்.

இடையில் வீதி மூடியது. மறுபடி திறந்த அன்றே போய், மாமியை வீட்டில் விட்டுவிட்டு, ஒழுங்காக இரத்தம் கொடுத்து வந்தோம். நேற்று முடிவு வந்தது. பிரதி இதனுள் இருக்கிறது. சீனி சரி. திருப்பிச் சுமக்கும் புரதமும் நிறைவாக இருக்கிறது. ஒரு நாள் இரத்தம் ஆயுள் முழுவதற்கும் சாட்சியல்ல என்று அவளிடம் நான் சொல்லிவிட்டேன். “தெரியும் மாமி, வருசா வருசம் பாப்பம்” என்றாள். மாமிதான் அந்தத் தாளை நெடுநேரம் வைத்துக்கொண்டிருந்தார். தான் காத்த குடியில் ஒன்றுமில்லை. காவல் என்று நம்பிய குடியில் வந்து நிற்கிறது. அவர் எழும்பி வெளியே போனார். அவருடைய எருமைகள் அக்கரையில் மேய்ப்பாரின்றித் திரிகின்றன. இங்கே தயிர் கிடைப்பது அருமை. ஓட்டமாவடிப் பக்கமிருந்து வரும் வியாபாரியைச் சந்தியில் பிடித்து ஒரு சட்டி வாங்கி வந்தார். மகளுக்கு முன்னால் வைத்தார். “தின்னு மகள்” என்றார். பாணியை அளவாகத்தான் ஊற்றினார்.

வதனி கரண்டியை எடுத்தாள். ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “மச்சானுக்கு எழுதுங்க மாமி. இனி நான் தின்னுவன். அவர் எனக்கு முன்னால இருந்து பாகற்காய்ச் சாறு குடிச்சிக்கிட்டுப் பார்க்கட்டும்.”

எழுதிவிட்டேன். பதிலை எனக்கல்ல, அவளுக்கு எழுது.

அம்மா